இரவில் கழிப்பறையைப் பூட்டாதீர்கள்: பினாங்கு முகாம் திடல் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். பினாங்குத் தீவின் வடக்குக் கரையில் நீங்கள் பார்த்துக்கொள்ளும் முகாம் திடலில், கழிப்பறைக் கட்டடம் மாலை ஏழு மணிக்குப் பூட்டப்பட்டு மறுநாள் காலை ஏழு மணிக்குத்தான் திறக்கப்படுகிறது. இது உங்களுக்குப் புதிய செய்தி இல்லை. கவுண்டரில் நேரில் சொன்னேன், புகார்ப் புத்தகத்தில் எழுதினேன், வீடு திரும்பியதும் கடிதமும் போட்டேன். பாதுகாப்புக் காரணம் என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அதனால்தான் எல்லாரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன். திடலின் பெயரையோ அலுவலகத்தின் பெயரையோ போடவில்லை; யாரையும் சந்தி சிரிக்க வைப்பது என் நோக்கமில்லை. நான் கேட்பது ஒன்றே ஒன்று. கூடாரங்களில் ஆட்கள் தங்கியிருக்கும் இரவுகளில் கழிப்பறையைப் பூட்டாதீர்கள்.

நாங்கள் கோலாலம்பூர் செந்தூல்காரர்கள். நான் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் மனைவி தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்தவர். பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது பள்ளி விடுமுறையில் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு கடற்கரைகளுக்குப் போவோம். அப்போதெல்லாம் லீவு கிடைக்காது, போன சூட்டோடு திரும்பிவிடுவோம். வேலை முடிந்தபிறகு ஒரு வாரமாவது பினாங்கில் அவசரமில்லாமல் இருக்க வேண்டும் என்பது என் மனைவியின் நெடுநாள் ஆசை. ஹோட்டல் வேண்டாம், கண் விழித்தால் கடல் தெரிய வேண்டும் என்றார்.

கோலாலம்பூர் சென்ட்ரலில் இ.டி.எஸ். மின்சார ரயில் ஏறினால் பட்டர்வொர்த்துக்குச் சுமார் நாலு மணி நேரம். அங்கிருந்து தீவுக்கு ஃபெரி. ஜெட்டியில் இறங்கி 101 பஸ் பிடித்தால் பத்து பெரிங்கி வழியாகத் தெலுக் பஹாங் வரை போய்விடலாம். கார் ஓட்டுவதை நிறுத்திவிட்ட இரண்டு பேர், கூடாரமும் கேஸ் அடுப்புமாகத் தீவின் அந்தக் கோடி வரை போக முடிகிறதென்றால் யாரோ யோசித்து இந்த வழியைச் செய்து வைத்திருக்கிறார்கள். அதற்கு நாங்கள் நன்றியுள்ளவர்கள்.

பகல்கள் எல்லாம் நாங்கள் ஆசைப்பட்டபடியே இருந்தன. விடியற்காலையில் மீனவர்கள் படகை மணலில் இழுத்து ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டே கோப்பி குடித்தோம். 2003-இல் அறிவிக்கப்பட்ட பினாங்கு தேசியப் பூங்காவுக்குள் பந்தாய் கெராச்சுட் வரை நடந்தோம், திரும்பும்போது படகு எடுத்தோம். அங்கே உள்ள ஏரியில் நன்னீர் மேலேயும் கடல் நீர் அடியிலும் ஒன்றோடொன்று கலக்காமல் கிடக்கிறது. ஆமைக் குஞ்சுகளைப் பாதுகாக்கும் நிலையமும் அந்தக் கரையில்தான். இன்னொரு நாள் ஜார்ஜ்டவுன். 1833-இல் எழும்பிய குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயிலில் தரிசனம் முடித்து, கடைகளின் முன்னால் கூரையோடு ஓடும் காக்கி லீமா நடைபாதையின் நிழலிலேயே நடந்து கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் வரை போனோம். இங்கே வந்து குடியேறிய தமிழ் முஸ்லிம்கள் 1801-இலேயே எழுப்பிய பள்ளி அது என்று மனைவி வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார். ஒரு கடையில் நாசி கண்டார் சாப்பிட்டுவிட்டு மத்தியான வெயில் தாழும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம், எழுந்து போகச் சொல்லி யாரும் முறைக்கவில்லை. ஓய்வு பெற்றவர்களுக்கு ஏற்ற ஊர் பினாங்கு. அதனால்தான் இரவில் நடந்தது இவ்வளவு வலிக்கிறது.

என் மனைவிக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய். இரத்த அழுத்தத்துக்கு, சிறுநீரை அதிகமாக்கும் தண்ணீர் மாத்திரையும் சாப்பிடுகிறார். இரவில் இரண்டு மூன்று தடவை எழுந்தே ஆக வேண்டும். எங்கள் வயதில் இது அதிசயமில்லை. ஆண்களுக்குப் புராஸ்டேட் தொல்லை, பெண்களுக்குச் சர்க்கரை, இருவருக்கும் மாத்திரை. உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டாலே சொல்வார்கள்.

முதல் நாள் இரவு இரண்டு மணிக்கு மேல் அவர் என்னை எழுப்பினார். டார்ச் லைட்டோடு கழிப்பறைக்குப் போனோம். இரும்புக் கம்பிக் கதவு. அதில் சங்கிலியை இரண்டு சுற்றுச் சுற்றி ஒரு பெரிய பூட்டு. உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. குழாய் சொட்டும் சத்தம்கூட வெளியே கேட்டது. அறிவிப்புப் பலகையில் இருந்த எண்ணுக்குத் திரும்பத் திரும்ப அழைத்தேன், யாரும் எடுக்கவில்லை. சாலையில் கொஞ்ச தூரம் நடந்தோம். பெட்ரோல் போடும் எண்ணெய்க் கடை மூடியிருந்தது, மாமாக் சாப்பாட்டுக் கடையும் மூடியிருந்தது. அதற்கு மேல் அவரால் நடக்க முடியவில்லை. கடைசியில் கடலோரப் பாறைக்குப் பின்னால் அவரை உட்காரச் சொல்லி, நான் என் சாரோங்கைப் பிரித்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த நேரம் பார்த்து ஒரு மோட்டார் சைக்கிள் வளைவில் திரும்பியது. அதன் வெளிச்சம் எங்கள் மேல் பட்டு நகர்ந்தது. கழிப்பறையைச் சுத்தமாகப் பயன்படுத்தக் காலமெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் அவர். கூடாரத்துக்குத் திரும்பும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். "எழுதுங்க, இன்னொரு பொம்பளைக்கு இப்படி ஆகக்கூடாது" என்றார்.

மறுநாள் காலை திறக்க வந்த பையனிடம் கேட்டேன். "ஆர்டர் அங்கிள், நான் என்ன செய்ய?" என்றான். அவன் மேல் எனக்குக் கோபமில்லை. சாவியை மாலையிலேயே ஆபீசில் ஒப்படைத்துவிட வேண்டுமாம்.

அதற்கப்புறம் நடந்ததைத்தான் நீங்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். மத்தியானத்திற்குப் பிறகு என் மனைவி தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். என்னிடம் சொல்லவில்லை. புட்டியை வாயில் வைப்பார், நனைத்துக்கொள்வார், மூடிவிடுவார். பினாங்கு வெயிலில், அந்த மாத்திரையும் சாப்பிட்டுக்கொண்டு! தண்ணீர்மலைக்குப் போன அன்று, பாலதண்டாயுதபாணி கோயிலின் 513 படிகளில் பாதி ஏறுவதற்குள் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். உதடு வெடித்துப் போயிருந்தது. பக்கத்தில் வந்த சீனப் பெண்மணி ஒருவர்தான் குடையைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் கொடுத்தார். கிளினிக்கில் பரிசோதித்தபோது சர்க்கரை ஏறியிருந்தது, உடம்பில் நீர்ச்சத்து போதவில்லை. ஏன் தண்ணீர் குடிக்கவில்லை என்று டாக்டர் கேட்டதற்கு, "ராத்திரி போக இடமில்லை டாக்டர்" என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். அந்தப் பதிலைக் கேட்க வேண்டியவர்கள் நீங்கள். அதைக் கேட்டுக்கொண்டு நான் அங்கே உட்கார்ந்திருந்தேன்.

பாதுகாப்பு என்கிறீர்கள். யாருடைய பாதுகாப்பு? முன்பு குழாய்களைக் கழற்றிக்கொண்டு போனார்கள், சுவரில் கிறுக்கினார்கள், இளைஞர்கள் கூட்டம் போட்டார்கள் என்று கவுண்டரில் சொன்னார்கள். நடந்திருக்கும், நான் மறுக்கவில்லை. ஆனால் குழாய் போனால் புதிது வாங்கி மாட்டலாம். இருட்டில் பாறை மேல் ஒரு வயதான அம்மா வழுக்கி விழுந்தால் என்ன செய்வீர்கள்? நான் பட்டறையில் வேலை பார்த்தவன். எங்கே பூட்டுப் போட்டாலும் சாவி யாரிடம் இருக்கிறது, ராத்திரி தேவைப்பட்டால் யார் கொண்டுவந்து திறப்பார் என்பது எழுதி வைக்கப்பட்டிருக்கும். உங்கள் பூட்டுக்கு அப்படி ஓர் ஆள் இல்லை. எங்கள் ரசீதில் மட்டும் கழிப்பறை வசதி உண்டு என்று தெளிவாக அச்சாகியிருக்கிறது. இரவு தங்கத்தான் பணம் வாங்கினீர்கள். அந்த வசதி இரவுக்கும் சேர்த்துத்தான் என்று நம்பி வந்தோம்.

இதை எழுதும்போது மனதில் இன்னும் பலதும் வருகிறது. 2030-இல் மலேசியர்களில் நூற்றுக்கு 15 பேர் அறுபது வயதும் அதற்கு மேலும் இருப்பார்கள் என்று அரசாங்கமே சொல்லி வருகிறது. ஒவ்வோர் அக்டோபர் 1-ஆம் தேதியும் முதியோர் தினம் வருகிறது, மேடை போட்டு எங்களுக்கு மாலை மரியாதை செய்கிறார்கள். உட்கார நிழலில்லாத பஸ் நிறுத்தங்களில் அதே நாங்கள்தான் நிற்கிறோம். முகாம் திடலுக்குப் பதிவு செய்வதுகூடக் கைப்பேசியில் மட்டும்தான் என்றாகிவிட்டது. பேரன் இல்லாவிட்டால் எங்களுக்கு இந்தப் பயணமே கிடைத்திருக்காது. பினாங்கு மலை ரயிலில் அடையாள அட்டையைக் காட்டினால் மூத்த குடிமக்களுக்குச் சலுகை தருகிறார்கள், மகிழ்ச்சி. ஆனால் எங்கள் வயதுக்காரர்கள் வெளியே கிளம்புமுன் முதலில் கேட்பது டிக்கெட் விலையை இல்லை. அங்கே கழிப்பறை இருக்கிறதா, திறந்திருக்குமா என்பதைத்தான். இல்லையென்றால் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். என் நண்பர்கள் பலர் அப்படித்தான் இருக்கிறார்கள். ஆயுள் முழுக்க உழைத்துச் சேமநிதிப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு பூட்டுக்குப் பயந்து, பார்க்க ஆசைப்பட்ட ஊரைப் பார்க்காமலே இருக்கிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கோபத்தில் ஏதாவது கூடச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கட்டடம் முழுவதையும் திறந்து வைக்க முடியாது என்றால், ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என வெளிப்பக்கம் உள்ள அறைகளை மட்டுமாவது திறந்து வையுங்கள். அதுவும் ஆகாதென்றால், பதிவு செய்து தங்குகிறவர்களிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு ஆளுக்கொரு சாவி கொடுங்கள். இருபது வெள்ளியோ ஐம்பது வெள்ளியோ, கட்டுகிறோம். திரும்பும்போது சாவியைக் கொடுத்துவிட்டு வாங்கிக்கொள்கிறோம். விளக்கு ஏற்கெனவே இரவெல்லாம் எரிகிறது, அதற்குப் புதிதாகச் செலவில்லை. பலகையில் உள்ள எண்ணை இரவில் எடுக்க ஓர் ஆளை நியமிப்பது அடுத்த படி. முதலில் பூட்டு.

மீண்டும் வர வேண்டும் என்று என் மனைவி சொல்கிறார். தண்ணீர்மலையில் பாதியில் விட்ட படிகளை ஏறி முடிக்க வேண்டுமாம். தீபாவளி முடிந்து பள்ளி விடுமுறைக் கூட்டம் தொடங்குவதற்குள் வரலாம் என்று பார்க்கிறோம். அதற்குள் உங்கள் முடிவை எழுத்து மூலம் தெரிவிக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். என் முகவரி முன்பு அனுப்பிய கடிதத்தில் இருக்கிறது. இரவில் கழிப்பறை திறந்திருக்கும் என்று ஒரு வரி எழுதினால் போதும், அன்றைக்கே டிக்கெட் எடுத்துவிடுவோம்.

நன்றி.

இப்படிக்கு,
செந்தூலிலிருந்து ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர்