பிணைப்பு உடைந்தால் சக்தி வெளிவராது: விடைத்திட்டத்தைத் திருத்துங்கள்

திருகோணமலையில் உயர்தர இரசாயனவியல் பயிற்சி வினாத்தாள்களைத் தயாரிக்கும் வளவாளர்களுக்கு,

வணக்கம். ஐதரசனும் ஒட்சிசனும் தாக்கமுற்று நீராகும்போது நிகழும் சக்தி மாற்றத்தைக் கணிக்கக் கேட்ட, சென்ற தவணைத் தாளின் சக்தியியல் வினா உங்கள் கையால் வந்ததுதான். அதன் விடைத்திட்டத்தில், "ஐதரசனின் பிணைப்பு உடைவதால் சக்தி வெளிவிடப்படும்" என்று இருக்கிறது. அந்த வரியை எழுத்துமூலம் மீளப்பெறுங்கள்.

எந்தப் பிணைப்பையும் உடைக்கச் சக்தி கொடுத்தே ஆகவேண்டும். உருவாகும்போதுதான் வெளிவரும். நீங்கள் தந்த பிணைப்புச் சக்திப் பெறுமானங்களே அதைக் காட்டுகின்றன. 2 மூல் ஐதரசனை அணுக்களாக்க 2 × 436, 1 மூல் ஒட்சிசனுக்கு 498, ஆக 1370 கிலோயூல் உறிஞ்சப்படுகிறது. நீராவியில் 4 மூல் ஒட்சிசன்–ஐதரசன் பிணைப்பு உருவாகையில் 4 × 463 = 1852 வெளிவருகிறது. மிஞ்சுவது 482. தாக்கம் வெப்பத்தை வெளிவிடும் புறவெப்பத்தாக்கமானது இந்த மிச்சத்தால்தான். உடைவதே சக்தி தருமென்றால், இவ்விரு வாயுக்களின் கலவைக்குத் தீப்பொறி எதற்கு?

இன்னொன்று. வினாவில் விளைபொருள் திரவ நீர். பிணைப்புச் சக்திகளோ வாயு நிலைக்கு உரியவை. நீராவி ஒடுங்கும்போது மூலுக்கு 44 கிலோயூலாக, 2 மூலுக்கு மேலும் 88 வெளிவரும். வெளிவரும் சக்தியை மறைக் குறியால் காட்ட, விடை −570 ஆகவேண்டும். நீங்கள் −482 இற்கு முழுப்புள்ளி கொடுத்து, 88 ஐச் சேர்த்த பிள்ளையின் புள்ளியை வெட்டச் சொல்கிறீர்கள்.

உயிரியல் வகுப்பின் 'உயர்சக்திப் பிணைப்பு' என்ற சொல்லாட்சியிலிருந்து இந்தக் குழப்பம் வந்திருக்கலாம். உயிர்க்கலங்களில் சக்தியைக் காவும் அடினோசின் முப்பொசுபேற்றிலும் பொசுபேற்றுப் பிணைப்பை உடைக்கச் சக்தி வேண்டும். நீரோடு தாக்கமுற்று உருவாகும் விளைபொருள்கள் கூடிய உறுதியுள்ளவை என்பதால்தான், நியம நிலையில் மூலுக்கு ஏறத்தாழ 30 கிலோயூல் கட்டற்ற சக்தி, அதாவது வேலைக்குப் பயன்படக்கூடிய சக்தி, தேறுகிறது.

நகரத்துப் பிள்ளை தனியார் வகுப்பில் கேட்டுத் திருத்திக்கொள்ளும். வெருகலிலிருந்தோ ஈச்சிலம்பற்றிலிருந்தோ வகுப்புக்கு வந்துபோக வழியில்லாத பிள்ளைக்கு நீங்கள் அச்சடித்த தாள்தான் ஆசிரியர். சரியாக எழுதியதைத் தானே அடித்துவிட்டு, உங்கள் பிழையை மனனம் செய்துகொண்டு அது பரீட்சை மண்டபத்துக்குப் போகும். இது எங்களுக்குப் பொறுக்கவில்லை. பழைய தாளை வெட்டி ஒட்டி, இன்னொருவர் கணக்கைச் செய்துபார்க்காமலே அச்சுக்கு அனுப்பும் வழக்கம் எத்தனை தவணைக்கு நீளப்போகிறது?

கடுமையாகத் தோன்றினால் பொறுத்தருளுங்கள். தயவுசெய்து அந்த வரியை மீளப்பெறுங்கள். தாள் போன பாடசாலைகள் அனைத்துக்கும் திருத்தத்தை அனுப்புங்கள். வெட்டிய புள்ளிகளைப் பிள்ளைகளுக்குத் திருப்பிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
இரசாயனவியல் கற்பிப்போர் சிலர்,
திருகோணமலை