உன் மகளின் முதன்மைப் பாடம் குறித்து

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு கொஞ்ச நாள் படிக்கவும் எழுதவும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் பதில் தாமதமாகிவிட்டது. இப்போது எழுத்து பளிச்சென்று தெரிகிறது, கவலைப்படாதே. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று ஒரு வரிகூட எழுதவில்லையே? அடுத்த கடிதத்தில் அதை முதலில் எழுது.

என் பக்கத்துச் செய்தி ஒன்றுதான். இந்தக் கல்வியாண்டோடு பணி ஓய்வு பெறுகிறேன். கடைசியாக எந்த வகுப்பு வேண்டும் என்று கேட்டார்கள். முதலாண்டுக் கணக்குப்பதிவியல் போதும் என்று வாங்கிக்கொண்டேன். ஒவ்வொரு கணக்கையும் பற்று, வரவு என்று இரண்டு பக்கமும் எழுதும் இரட்டைப் பதிவு முறையை முதன்முதலாகப் புரிந்துகொள்ளும் பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பதில் எனக்கு இன்னும் அலுப்பு வரவில்லை.

சரி, உன் மகளின் விஷயத்துக்கு வருகிறேன். வணிக நிர்வாகப் பட்டப்படிப்பில் சேர்ந்தாயிற்று, முதன்மைப் பாடம் எதுவென்று வீட்டில் மூன்று கருத்து என்கிறாய். அவள் அப்பா நிதி என்கிறார். அவள் சந்தையியல் என்கிறாள். நீ கணக்கியல் என்கிறாய். நான் யார் பக்கம் என்று கேட்டிருக்கிறாய். நான் மூவர் பக்கமும் இல்லை. பாடத்தின் பெயரை அவள் இந்த ஆண்டே முடிவு செய்ய வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் எந்தப் பாடத்தை எந்தப் பருவத்தில் படிப்பது என்பதை இப்போதே முடிவு செய்தாக வேண்டும். பெரும்பாலான வீடுகளில் முன்னதைப் பற்றித்தான் மாதக்கணக்கில் பேசுகிறார்கள். பின்னதை யாரும் தொடுவதில்லை.

காரணம் சொல்கிறேன். மூன்றாண்டுப் படிப்பானாலும் நான்காண்டுப் படிப்பானாலும் தொடக்கப் பருவங்களில் பெரும்பாலும் எல்லோருக்கும் ஒரே பாடங்கள்தான்: கணக்குப்பதிவியல், பொருளாதாரம், கணிதம், புள்ளியியல், வணிகச் சட்டம், மேலாண்மை, சந்தையியல் அறிமுகம். முதன்மைப் பாடத்துக்கே உரிய தாள்கள் பிற்பகுதியில்தான் வரும். அவை ஒவ்வொன்றுக்கும் முன்பே முடித்திருக்க வேண்டிய பாடம் என்று ஒன்று இருக்கும். இந்தச் சங்கிலி கணக்கியலில்தான் மிக நீளம். முதல் தாள் முடித்தால்தான் இரண்டாவது, அது முடிந்தால் இடைநிலைக் கணக்கியல், அதற்குப் பிறகுதான் தணிக்கை. நடுவில் ஒரு தாள் ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே நடத்தப்படுவதாக இருந்து, அதைத் தவறவிட்டால், பட்டமே ஓர் ஆண்டு தள்ளிப்போகும். நிதிக்கும் சங்கிலி உண்டு, சற்றுக் குட்டை. சந்தையியலுக்கும் மனிதவளத்துக்கும் இரண்டாம் ஆண்டு முடிவில்கூட மாறிக்கொள்ளலாம். ஆகவே கணக்கியலும் நிதியும் எட்டும் தூரத்தில் இருக்கும்படி முதல் ஆண்டை அமைத்துக்கொண்டால், எந்தப் பக்கமும் போக அவளுக்கு வழி திறந்தே இருக்கும். எந்தப் பாடம் எந்தப் பருவத்தில் என்று, கடைசிப் பருவத்திலிருந்து பின்னோக்கி ஒரு காகிதத்தில் எழுதிப் பார்க்கச் சொல். ஒரு மணி நேர வேலை.

புள்ளியியலைக் கடைசிக்குத் தள்ளிவைக்கப் போவதாக அவள் சொன்னதாக எழுதியிருந்தாய். அதை மட்டும் எப்படியாவது தடுத்துவிடு. கணிதம் கடினம், சந்தையியலில் அது வேண்டாம் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். விளம்பரம் எடுப்பதுதான் சந்தையியல் என்று நினைப்பவர்கள் சொல்லும் பேச்சு அது. இரண்டாம் ஆண்டில் சந்தை ஆய்வு என்று ஒரு தாள் வரும். வாடிக்கையாளர்கள் ஆயிரக்கணக்கானவர்களின் பதில்கள் அடங்கிய அட்டவணையைக் கையில் கொடுத்து, விலையைக் கூட்டினால் யார் விலகுவார்கள், யார் தங்குவார்கள் என்று கேட்பார்கள். அங்கே புள்ளியியல் தெரியாதவள் தோழிகளின் கணக்கைப் பார்த்து எழுதத்தான் வேண்டிவரும். நிதியிலும் அதே கதை. அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஹாரி மார்க்கோவிட்ஸ் 1952-இல் எழுதிய கட்டுரையில், முதலீட்டின் இடரை அதன் வருவாய் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதைக் கொண்டு அளந்தார். மாறுபாடு என்று புள்ளியியல் வகுப்பில் சொல்லித்தருகிறார்களே, அதே அளவைதான். 1990-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று முதலீட்டு வகுப்புகளில் நடத்தப்படுவதில் கணிசமான பகுதி அந்தக் கட்டுரையின் மேல் எழுப்பப்பட்டதே.

இது என் சொந்தப் பிடிவாதம் மட்டுமல்ல. 1959-இல் அமெரிக்க வணிகக் கல்வியைப் பற்றி இரண்டு பெரிய அறிக்கைகள் வந்தன, ஒன்று ஃபோர்டு அறக்கட்டளையின் ஆதரவில், மற்றது கார்னகி கழகத்தின் ஆதரவில். இரண்டும் ஒரே குறையைச் சொல்லின: தொழில் நுணுக்கங்களைத் துண்டு துண்டாகச் சொல்லிக்கொடுத்துவிட்டு, கணிதம், புள்ளியியல், சமூக அறிவியல் ஆகிய அடிப்படைகளைக் கைவிட்டுவிட்டார்கள் என்று. அதற்குப் பிறகு பாடத்திட்டங்கள் பரவலாக மாறின. முதலாண்டில் இவ்வளவு பொதுப் பாடங்கள் எதற்கு என்று அவள் சலித்துக்கொண்டால் இதைச் சொல்.

பெயரைத் தேர்ந்தெடுக்கும் நேரம் வரும்போது எதைப் பார்ப்பது? சம்பளப் பட்டியலைப் பார்த்து முடிவு செய்தவர்களையும் பார்த்திருக்கிறேன், ஆர்வத்தை மட்டும் நம்பியவர்களையும் பார்த்திருக்கிறேன். நான் மாணவர்களிடம் கவனிப்பது வேறு: எந்தச் சிக்கலோடு இந்தப் பிள்ளையால் பொறுமையாக உட்கார்ந்திருக்க முடிகிறது?

போன மாதம் வகுப்பில் ஒரு பெண்ணுக்கு இருப்பாய்வு, அதாவது பற்றும் வரவும் சமமா என்று சரிபார்க்கும் பட்டியல், ஒத்துப்போகவில்லை. பற்றுக்கும் வரவுக்கும் 900 வித்தியாசம். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் முடித்துப் புத்தகத்தை மூடிவிட்டார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. வித்தியாசம் 9-ஆல் வகுபட்டால் இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் என்று ஒருமுறை சொல்லியிருந்தேன். அதை நினைவில் வைத்துக்கொண்டு பேரேட்டைப் பக்கம் பக்கமாகத் திருப்பி, 5,400 என்பது 4,500 என்று ஏறியிருந்த இடத்தில் விரலை வைத்து நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பெண் எந்த முதன்மைப் பாடம் எடுக்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. உன் மகளுக்கு அந்தத் தேடல் பிடிக்குமா, வெறுப்பேற்றுமா? ஒரு பருவம் படித்தாலே தெரிந்துவிடும்.

வேறொரு வகை மனமும் உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் 1960-களில் உருவான பியர் விளையாட்டைப் பல வணிகக் கல்லூரிகளில் ஆடவைக்கிறார்கள். சில்லறை வியாபாரி, மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், தொழிற்சாலை என்று நான்கு பேர். ஒவ்வொருவருக்கும் தனக்கு அடுத்தவர் அனுப்பும் ஆர்டர் மட்டுமே தெரியும். சரக்கு வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். வாடிக்கையாளர் வாரத்துக்கு நான்கு பெட்டி வாங்கிக்கொண்டிருப்பார், ஐந்தாவது வாரம் எட்டாகும், பிறகு எட்டிலேயே நிற்கும். அவ்வளவுதான் மாற்றம். ஆனால் தொழிற்சாலைக்குப் போய்ச் சேரும் ஆர்டர் மலைபோல் ஏறிப் பாதாளத்துக்கு இறங்கும். ஆட்டம் முடிந்ததும் நால்வரும் ஒருவரை ஒருவர் குறை சொல்வார்கள். யாரையும் குறை சொல்லாமல், தகவல் எங்கே நின்றது என்று கேட்கும் பிள்ளை ஒன்று இருக்கும். விநியோகச் சங்கிலி மேலாண்மை அந்தப் பிள்ளைக்கானது. இந்தப் பிரிவை வீடுகளில் யாரும் நினைத்துப் பார்ப்பதே இல்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

நிதி எண்களோடு பழகும் வேலைதான், ஆனால் கணக்கியல் நடந்து முடிந்ததைப் பதிகிறது, நிதி நடக்கப் போவதற்கு விலை வைக்கிறது. ஆண்டுக்கு பத்து சதவீத வட்டி என்றால் இரண்டு ஆண்டு கழித்து வரும் 121 இன்று 100-க்குச் சமம். இந்த ஒரு கணக்கு அவளுக்கு ருசித்தால் அவள் அப்பா மகிழ்ச்சி அடையலாம். தகவல் அமைப்புகள் எதனோடும் சேரும் நல்ல துணைப் பாடம். பொது மேலாண்மையை மட்டும் முதன்மைப் பாடமாக எடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வேலை அனுபவம் வந்த பிறகுதான் அதில் படிப்பது மனத்தில் இறங்கும். இரண்டு முதன்மைப் பாடம் எடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். கணக்கியலும் நிதியும் பல தாள்களைப் பகிர்ந்துகொள்வதால் அந்த இணை சாத்தியம். மற்றபடி, அந்த நேரத்தைப் பயிற்சிப் பணியில் செலவிடுவது மேல்.

உன் கருத்துக்கும் ஒரு குறிப்பு. கணக்கியல் படித்து ஏ.சி.சி.ஏ. (பிரிட்டனைச் சேர்ந்த கணக்காளர் அமைப்பு நடத்துவது) போன்ற தொழில்முறைத் தேர்வுகளுக்குப் போக நினைத்தால், எந்தப் பட்டத்தில் எந்தத் தாளுக்கு விலக்கு என்பதைத் தேர்வு நடத்தும் அமைப்பிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கல்லூரிக் கையேட்டை மட்டும் நம்ப வேண்டாம்.

விடுமுறையில் அவளுக்கு ஒரு வேலை கொடு. தினமும் தான் வாங்கிப் பயன்படுத்தும் பொருள் ஒன்றைத் தயாரிக்கும் நிறுவனத்தின் ஆண்டறிக்கையை, அதன் இணையதளத்தில் இலவசமாக எடுத்துப் படிக்கட்டும். எதைப் படி என்று சொல்லாதே. புதிய பொருளை யாருக்காகக் கொண்டுவந்தார்கள் என்ற பக்கத்தில் நிற்கிறாளா? விற்பனை கூடியிருக்கிறது, ஆனால் கடனுக்கு விற்றதில் வரவேண்டிய தொகை அதைவிட வேகமாகக் கூடியிருக்கிறதே, ஏன் என்று கேட்கிறாளா? வாங்கிய கடனை எப்படித் திருப்பித் தருவார்கள் என்று யோசிக்கிறாளா? படித்து முடித்ததும் எனக்குத் தொலைபேசியில் பேசட்டும். நீயும் அவள் அப்பாவும் அப்போது பக்கத்தில் இருக்க வேண்டாம், அவள் தாராளமாகப் பேசட்டும்.

கல்லூரி கொடுத்த பாட வரிசை அட்டவணையின் நகல் ஒன்றை எனக்கு அனுப்பு. எந்தத் தாளுக்கு எது முன்தேவை, எது ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் நடக்கிறது என்று குறித்து அடுத்த கடிதத்தோடு திருப்பி அனுப்புகிறேன். இரண்டாம் பருவத்துக்குப் பெயர் பதிவதற்குள் அது உன் கைக்கு வந்துவிடும்.

அன்புடன்,
உன் தோழி