ஈஸ்ட் ஹாம் மகதலேனா மரியாள் தேவாலயப் பாதைக்கு விளக்கு வேண்டி மீண்டும் ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்:
தேவாலயத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் வசிக்கும் தமிழ்க் குடும்பங்கள்,
ஈஸ்ட் ஹாம், கிழக்கு லண்டன்.

பெறுநர்:
விளக்குகளுக்கும் நடைபாதைகளுக்கும் பொறுப்பான அலுவலர் அவர்கள்.

பொருள்: தேவாலய வாசலிலிருந்து வீதி வரையான பாதைக்கு வெளிச்சம் வேண்டுதல், முன்பு அனுப்பிய மனுக்களுக்குப் பதில் வராமை.

மதிப்புக்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். இதே விஷயமாக ஏற்கெனவே பலமுறை ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறோம். ‘உங்கள் முறைப்பாடு கிடைத்தது’ என்று கணினி அனுப்பும் பதில் உடனே வரும். அப்புறம் கொஞ்ச நாளில் ‘முடிக்கப்பட்டது’ என்று இன்னொன்று வரும். என்ன முடிந்தது என்றுதான் எங்களுக்கு விளங்கவில்லை. ஆகவே இம்முறை எங்களுக்கு நன்றாக வருகிற மொழியில் எழுதுகிறோம். மொழிபெயர்க்கக் கொடுத்தாலாவது ஒரு மனிதர் உட்கார்ந்து இதைப் படிப்பார் அல்லவா?

1. இடத்தை விளக்கத் தேவையில்லை. ஏ13 சாலையின் இரைச்சலுக்குப் பக்கத்தில், மரங்களுக்கு நடுவே நிற்கும் பழைய கோயில். தாங்களும் அந்தப் பக்கம் போய் வந்திருப்பீர்கள், பகலில்.

2. அது 12ஆம் நூற்றாண்டுக் கட்டடம். பலிபீடப் பக்கத்து அரைவட்டப் பகுதியின் கூரை மரங்கள்கூட அந்த நோர்மன் காலத்தவை. முதல் தரப் பாதுகாப்புப் பட்டியலில் இருப்பதால், ‘பழமையைத் தொடக்கூடாது’ என்று யாராவது சொல்லக்கூடும் என்பதற்காக இதையும் எழுதுகிறோம்: அந்தக் கோயில் ஒருநாளும் ஒரே மாதிரி இருந்ததில்லை. லத்தீன் பூசை நடந்த இடத்தில் 16ஆம் நூற்றாண்டில் ஆங்கில ஜெபம் வந்தது. 1538இலிருந்து ஞானஸ்நானம், கலியாணம், அடக்கம் எல்லாவற்றையும் பங்குக் கோயில்கள் (‘பங்கு’ என்றால் ஒரு கோயிலைச் சேர்ந்த ஊர்ப்பகுதி) பதிவேட்டில் எழுத வேண்டும் என்று அரசு உத்தரவிட்டது. 1601ஆம் ஆண்டுச் சட்டப்படி வரி வசூலித்து ஏழைகளைப் பராமரித்ததும் பங்குதான். இன்னொன்றையும் தயவுசெய்து கவனியுங்கள். ஊர்ச் சாலைகளைப் பழுதுபார்க்கும் பொறுப்பை 1555ஆம் ஆண்டுச் சட்டம் பங்கின் தலையில்தான் வைத்தது. ஊரார் ஆண்டுக்கு நாலு நாள் மண்வெட்டியோடு வந்து வேலை செய்ய வேண்டும். இன்று தாங்கள் பார்க்கும் வேலையை அன்று கோயில் சபை பார்த்தது. அந்த நாலு நாளில் ஒரு நாளாவது இன்று எங்களுக்குக் கிடைக்கக் கூடாதா?

1870இல் பெக்டன் எரிவாயு ஆலை, 1880இல் ரோயல் ஆல்பர்ட் துறைமுகம் என்று வந்தபின் வயல்வெளிக் கிராமம் தொழிலாளர் ஊரானது. பிறகு உலகின் எல்லாப் பக்கமிருந்தும் ஆட்கள் வந்தார்கள், நாங்களும் வந்தோம். கோயிலைச் சுற்றியுள்ள சேமக்காலை, அதாவது கல்லறை நிலம், 1970களில் இயற்கைக் காப்பிடமாக மாறியது. ஒன்பது ஏக்கர் அளவுள்ள நிலம். நல்ல விஷயம்தான், எங்களுக்கு மறுப்பே இல்லை.

3. எங்கள் கஷ்டம் அந்தப் பாதையின் இருட்டு ஒன்றுதான். டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. கம்பம் நிற்கிறது, அதில் இலக்கமும் ஒட்டியிருக்கிறது, வெளிச்சம்தான் இல்லை. கீழே ஈர இலைகள், அவற்றுக்கு அடியில் வேர்கள். மாலை ஆராதனை முடிந்து வருகிற வயதானவர்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். முன்னால் ஒருவர் கைபேசி வெளிச்சத்தைக் காட்ட வேண்டும். போன குளிர்காலத்தில் ஒரு அம்மா விழுந்து மணிக்கட்டு முறிந்தது. அவர் இப்போது பொழுது சாய்ந்தபின் வெளியே வருவதே இல்லை. சக்கர நாற்காலியைத் தள்ளுகிறவருக்கு முன்சக்கரம் எதில் இறங்குகிறது என்று தெரியாது. பின்னேரத்தில் நடக்கும் அடக்க ஆராதனைக்குத் தோளில் பெட்டியைத் தாங்கி நடப்பவர்கள் கால் வைக்கும் இடம் தெரியாமல் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறோம். அந்த நேரத்தில் அந்தக் குடும்பத்தின் நிலையை யோசித்துப் பாருங்கள். ரியூசன் முடிந்து வரும் பெண் பிள்ளைகள் சுற்றுவழியில் பெரிய வீதியால் வருகிறார்கள். எங்களில் பாதிப் பேர் சைவக்காரர், மேனர் பார்க் முருகன் கோயிலுக்குப் போகிறவர்கள். அவர்களுக்கும் இதே பாதைதான். இது சமயம் சம்பந்தப்பட்ட கோரிக்கை இல்லை. ஒரு விளக்கு, ஐயா! மாளிகையா கேட்டோம்?

ஸ்டோன்ஹெஞ்ச் என்ற பழங்காலக் கல்வட்டத்தை ஆராய்ந்த வில்லியம் ஸ்டூக்லி 1765இல் அந்த நிலத்தில்தான் அடக்கம் செய்யப்பட்டார். தனக்குக் கல்லே வைக்க வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டாராம். அவர் இருட்டில் இருக்கலாம், அவர் விருப்பம். நாங்கள் இன்னும் உயிரோடு நடமாடுகிறவர்கள்.

4. வெளிச்சம் வௌவால்களுக்கு இடைஞ்சல் என்று சொல்வீர்களானால், அவற்றுக்கு 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு என்பது எங்களுக்கும் தெரியும். தரையை மட்டும் பார்க்கிற, தாழ்ந்த, மஞ்சள் வெளிச்சம் போதும். இரவு பத்து மணிக்கு அணைத்துவிடுங்கள்.

5. சேமக்காலை நிலத்தில் வேலை செய்யத் திருச்சபையின் சட்ட அனுமதி வேண்டுமென்றால் அதற்கு விண்ணப்பியுங்கள். பொறுப்பு வேறு அலுவலகத்துடையது என்றால் எந்த அலுவலகம் என்று எழுத்தில் சொல்லுங்கள், அங்கே போகிறோம். ‘முடிக்கப்பட்டது’ என்று மட்டும் தயவுசெய்து இன்னொரு முறை அனுப்ப வேண்டாம்.

6. விளக்கு வேண்டும். வேறொன்றும் கேட்கவில்லை.

அடுத்த முறை மணிக்கூட்டை ஒரு மணிநேரம் பின்னுக்குத் திருப்பும் ஒக்டோபர் மாதத்துக்கு முன் அந்தப் பாதைக்கு வெளிச்சம் தருமாறும், அதற்கு முன்பு ஒரு மாலை இருட்டியபின் தாங்களே நேரில் வந்து எங்களோடு நடந்து பார்க்குமாறும் மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம். வருகிற நாளை முன்கூட்டிச் சொன்னால் கைபேசி வெளிச்சத்தோடு வாசலில் நிற்போம்.

இப்படிக்கு,
கீழே கையொப்பமிட்டுள்ள குடும்பங்கள்

இணைப்பு: கையொப்பப் பட்டியல், கம்பத்தின் இலக்கம் தெரியும்படி பகலில் எடுத்த படம் (இரவில் எடுத்ததில் ஒன்றும் தெரியவில்லை).