ஆணி இந்த முறை உன்னிடம்

அக்கா,

இன்று பிப்ரவரி 10. 18 முதல் 35 வயது வரை உள்ள ஆண்கள் கட்டாயம் ராணுவத்தில் சேரவேண்டும் என்று மியான்மரில் அந்த அறிவிப்பு வந்து இரண்டு வருஷம். அதற்கப்புறம் நம் வீட்டில் நடந்தது உனக்குத் தெரியும். எந்த வழியாக வந்தேன், யார் சோறு போட்டார்கள், இப்போது எந்த ஊர் என்பதையெல்லாம் இங்கே எழுத மாட்டேன். யார் யாரோ படிப்பார்கள்.

நான் கிளம்புவதற்கு முந்தைய வாரம், ஒரு ராத்திரி. பதினோரு மணிக்குத் தெருவே "மீ லாப்யி", கரண்ட் வந்துவிட்டது, என்று கத்தியது. யாங்கூனில் கரண்ட் வந்தால் யாருக்கும் உட்கார நேரமிருக்காது. நீ தண்ணீர் மோட்டாரைப் போட்டாய், அரிசியைக் குக்கரில் வைத்தாய், இஸ்திரி போடவேண்டிய துணியை அப்படியே விட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய். 'இட் டேக்ஸ் டூ' இரண்டு பேர் சேர்ந்து ஆடும் வீடியோ கேம், தனி ஆளுக்குத் திறக்கவே திறக்காது. அதனால்தான் உன்னைக் கூப்பிட்டேன். கூட ஆட நண்பன் யாராவது இருந்திருந்தால் கூப்பிட்டிருப்பேனா, தெரியவில்லை.

திரையில் என் பாதியில் ஆணி, உன் பாதியில் சுத்தியல். நான் பலகையில் ஆணியை எறிந்து பதிப்பேன். நீ தாவிச் சுத்தியலை அதில் மாட்டி, ஊஞ்சல் மாதிரி ஆடி அடுத்த ஆணிக்குப் போகவேண்டும். ஒவ்வொரு தாவலுக்கும் உன் தோள் இரண்டும் காது வரை ஏறும். ஊசி குத்திக் காய்த்துப்போன கட்டைவிரலால் பட்டனைத் துணிக்குள் இறக்குவதுபோல அழுத்துவாய். முதல் ஆணியைப் பிடிப்பாய், இரண்டாவதில் விழுவாய். பத்து முறைக்கு மேல் விழுந்திருப்பாய்.

நான் உன் கையிலிருந்து கன்ட்ரோலரைப் பிடுங்கினேன். இரண்டையும் மடியில் வைத்து மாற்றி மாற்றி அழுத்தி நானே தாண்டிவிட்டு, "பார், இவ்வளவுதான்" என்றேன். நீ ஒன்றும் சொல்லவில்லை. எழுந்துபோய் இஸ்திரிப் பெட்டியைச் செருகினாய்.

மன்னித்துக்கொள். கரண்ட் போவதற்குள் அந்தக் கட்டத்தை முடிக்கவேண்டும் என்று நினைத்தேன். அந்த வாரம் எதையாவது ஒன்றை முடித்தால் போதும் என்றிருந்தது. அதற்காகப் பிடுங்கியிருக்கக் கூடாது. ஆனால் நீயும் "கொடுடா, நானே பார்க்கிறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் கிளம்பியபோதும் நீ இப்படித்தான் வாயே திறக்கவில்லை. இருடா என்றும் சொல்லவில்லை, போடா என்றும் சொல்லவில்லை. முடிவை என் தலையில் வைத்துவிட்டுச் சோற்றைப் பொட்டலம் கட்டினாய்.

உன் கன்ட்ரோலரைப் பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுத்துவிட்டாய் என்று அம்மா சொன்னபோது எனக்கு அப்படி ஒரு கோபம். நான் திரும்பி வரமாட்டேன் என்றே முடிவு கட்டிவிட்டாயா?

சரி. போன வாரம் பழைய லேப்டாப் ஒன்று வாங்கினேன். விளையாட்டையும் வாங்கிவிட்டேன். ஒருவர் வாங்கினால் போதும், மற்றவர் 'ஃப்ரெண்ட்ஸ் பாஸ்' என்பதை இறக்கிக்கொண்டு காசில்லாமல் சேரலாம். என் லேப்டாப் உன்னிடம்தானே இருக்கிறது. கன்ட்ரோலர் இல்லாவிட்டால் கீபோர்டிலேயே ஆடலாம். 50 ஜிபி இடம் வேண்டும். கரண்ட் இருக்கும் நேரம் பார்த்து இறக்கினால் எத்தனை நாள் ஆகுமோ, ஆகட்டும்.

முதலிலிருந்து தொடங்கலாம். ஆணி இந்த முறை உன்னிடம், சுத்தியல் எனக்கு. நீ எறிந்து பதிக்கும்வரை விளிம்பிலேயே நிற்கிறேன். உங்கள் பக்கம் எத்தனை மணிக்குக் கரண்ட் வரும் என்று மட்டும் சொல்.