புல்லுக்கும் ஒரு விலை வையுங்கள்

பால்வளத் துறையையும் கால்நடை பராமரிப்புத் துறையையும் நடத்தும் அமைச்சர்களுக்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

தாராபுரம் பக்கத்தில் மாடு வைத்துப் பிழைக்கும் குடும்பத்திலிருந்து எழுதுகிறேன். மாட்டால் பூமி சூடாகிறது என்ற பேச்சு எங்கள் ஊர்ப் பால் கூட்டுறவுச் சொசைட்டி வாசல் வரை வந்துவிட்டது. கோயம்புத்தூரில் படிக்கும் பிள்ளைகள் விடுமுறைக்கு வந்தால் பாலே வேண்டாம் என்கிறார்கள். பெரியவர்களோ, நம் பால் சந்தையைப் பிடிக்க வெளிநாட்டுக்காரன் கட்டிவிட்ட கதை இது என்று முடித்துவிடுகிறார்கள். ஒரே வீட்டுக்குள் இந்த இரண்டு பேச்சும் நடக்கிறது. எது சரி என்று எடுத்துச் சொல்ல வேண்டிய உங்களிடமிருந்து எங்கள் கட்டுத்தரைக்கு இதுவரை ஒரு சொல்லும் வந்து சேரவில்லை.

பிள்ளைகள் சொல்வதில் உண்மை இருக்கிறது. மாட்டின் இரைப்பையில் தீவனம் நொதிக்கும்போது மீத்தேன் உண்டாகி ஏப்பமாக வெளியேறுகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், அது கரியமில வாயுவை விட சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். மனிதரால் வெளியாகும் பசுங்குடில் வாயுக்களில் 14.5 சதவீதம் கால்நடை வளர்ப்பிலிருந்து வருவதாக ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 2013-இல் கணக்கிட்டது. இந்தியாவின் மீத்தேனில் கால்நடைகளின் பங்குதான் முதலிடம். உலகிலேயே அதிகமாகப் பால் கறக்கும் நாடு இதைக் கட்டுக்கதை என்று தள்ளிவிட முடியாது.

அதற்காக எல்லா மாட்டையும் ஒரே கணக்கில் சேர்ப்பதையும் நான் ஏற்கவில்லை. அந்த 14.5 சதவீதத்தில், காட்டை வெட்டி மேய்ச்சல் நிலமாக்குவதும், தீவனத்துக்கென்றே சோயா விளைவிப்பதும் அடங்கும். சோளத்தட்டும் கடலைக்கொடியும் தவிடும் தின்று, எருவை அதே நிலத்துக்குத் திருப்பித் தரும் இரண்டு மாட்டுக் குடும்பத்தின் கணக்கு வேறு. நாட்டு மாட்டு ஆர்வலர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும், கோபித்தாலும் பரவாயில்லை: நாளுக்கு இரண்டு மூன்று லிட்டர் கறக்கும் காங்கேயம் பசுவின் பாலில், லிட்டருக்கு இவ்வளவு மீத்தேன் என்று கணக்குப் போட்டால் கலப்பின மாட்டை விட அதிகமாகத்தான் வரும். காங்கேயத்தைக் காக்க நியாயமான காரணங்கள் நிறைய இருக்கின்றன. மீத்தேன் அவற்றில் ஒன்றல்ல.

எங்கள் வட்டாரத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது தண்ணீர். பத்துப் பன்னிரண்டு லிட்டர் கறக்கும் கலப்பின மாட்டுக்கு ஆண்டு முழுவதும் பசுந்தீவனம் வேண்டும். அதற்காகக் கம்பு நேப்பியர் நடுகிறோம். ஒருமுறை நட்டால் 45 நாளுக்கு ஓர் அறுப்பு. நல்ல புல்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு விடாமல் தண்ணீர் பாய வேண்டும். மழை மறைவுப் பகுதியான இந்த மண்ணில் அந்தத் தண்ணீர் ஆயிரம் அடி போரிலிருந்து வருகிறது. நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சிய ஒன்றியங்கள் கொங்கு மண்டலத்தில் பல என்பது உங்கள் அரசே ஒப்புக்கொண்ட செய்தி. நொய்யலைச் சாயக்கழிவுக்குப் பறிகொடுத்த மக்கள் நாங்கள். பூமிக்கடியில் இருக்கும் தண்ணீரையும் பால் கேனில் ஊற்றி அனுப்பிவிட்டுப் பிறகு என்ன செய்வோம்?

தண்ணீர் கேட்காத மேய்ச்சல் நிலம் எங்களிடம் இருந்தது, இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அதுதான் கொறங்காடு. காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர் பக்கம் வந்து பாருங்கள். சுற்றிலும் முள்ளுக்கிளுவை உயிர்வேலி, நுழைய ஒரு படல், உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் இடையிடையே வெள்வேல மரங்களும். கோடையில் வேர் மட்டும் மிஞ்சிக் காய்ந்து கிடக்கும் கொழுக்கட்டைப் புல், ஒரு நல்ல மழை விழுந்தால் சில நாளிலேயே தூரிலிருந்து பச்சை விட்டுவிடும். கூடவே நரிப்பயறு கொடியோடும். அது மண்ணுக்குத் தழைச்சத்து. புல் ஓய்ந்த மாதங்களில் வெள்வேலங்காய் உதிர்ந்து ஆட்டுக்கும் மாட்டுக்கும் தீவனமாகும். உரம் இல்லை, மோட்டார் இல்லை. மேய்கிற மாடே எருவைப் போட்டுவிடுகிறது. வெயிலில் காய்ந்துவிடும் அந்தச் சாணத்திலிருந்து, குழியில் தேங்கிப் புளிக்கும் சாணத்தைப் போல மீத்தேன் வருவதில்லை. காங்கேயம் இனம் உருவானதே இந்தக் காடுகளில்தான்.

இன்று அவை காற்றாலைக்கும் சூரியத் தகடுகளுக்கும் மனைப்பிரிவுக்கும் போகின்றன. விற்பவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கொறங்காட்டை வைத்திருந்தால் என்ன கிடைக்கிறது? சொசைட்டியில் விடிகாலையில் பாலை ஊற்றியதும் கருவி ஒரு சீட்டைத் துப்புகிறது. கொழுப்பு இவ்வளவு, இதர சத்து இவ்வளவு, லிட்டருக்கு விலை இவ்வளவு. கூட்டுறவானாலும் தனியாரானாலும் சீட்டில் இருப்பது அவ்வளவுதான். போர்த் தண்ணீரில் விளைந்த புல்லா, மழையில் முளைத்த புல்லா என்பதற்கு அதில் இடமே இல்லை. அளவையும் கொழுப்பையும் மட்டும் பார்த்துப் பணம் கொடுத்தால், உழவர் அவற்றைத்தான் பெருக்குவார்.

ஆகவே நான் கேட்பது: கொறங்காட்டையும் மானாவாரித் தீவனத்தையும் நம்பி மாடு வளர்ப்பவரின் பாலுக்கு லிட்டருக்கு ஒரு தொகையை ஊக்கமாகச் சேர்த்துக் கொடுங்கள். அதற்கு முன்னால் கொறங்காடுகளைச் சர்வே எண்வாரியாகக் கணக்கெடுங்கள். பட்டாவில் அது வெறும் புஞ்சை. புஞ்சை என்ற பெயரிலேயே அது காணாமல் போய்க்கொண்டிருக்கிறது. பழைய வேலியைப் புதுப்பிக்கவும் கொழுக்கட்டைப் புல் விதைக்கவும் உதவி செய்தால், விற்கலாமா என்று யோசிப்பவர்களில் சிலராவது நிறுத்திவிடுவார்கள்.

கலப்பின மாடு வைத்திருப்பவர்களையும் விட்டுவிடக் கூடாது. ஊரில் அவர்கள்தான் பெரும்பான்மை. பெங்களூரில் உள்ள மத்திய அரசின் கால்நடை ஊட்டச்சத்து ஆய்வு நிறுவனம் 'ஹரித் தாரா' என்ற தீவனச் சேர்க்கையை உருவாக்கியிருக்கிறது. துவர்ப்புச் சத்துள்ள தாவரங்களிலிருந்து செய்யப்பட்ட அது மீத்தேனை 17 முதல் 20 சதவீதம் வரை குறைப்பதாக அறிவித்திருக்கிறார்கள். கொங்கு மண்டலத்தில் அதைச் சோதித்துப் பாருங்கள். ஆனால் முதலில் மாட்டுக்காரரிடமும் பால் வாங்குபவரிடமும் பேசிவிட்டுச் செய்யுங்கள். 2024 இறுதியில் பிரிட்டனில் மீத்தேனைக் குறைக்கும் போவேர் என்ற வேறொரு தீவனச் சேர்க்கையைப் பண்ணைகளில் சோதிக்கப் போவதாக அறிவித்தபோது, மக்கள் பாலைச் சாக்கடையில் கொட்டிப் படம் பிடித்துப் போட்டார்கள். பாதுகாப்பானது என்று அங்குள்ள அதிகாரிகள் சொல்லியும் வதந்தி அடங்கவில்லை. நியூசிலாந்து மாட்டு ஏப்பத்துக்கு வரி போடப் போவதாகச் சொல்லி, உழவர் எதிர்ப்புக்குப் பின் 2024-இல் கைவிட்டது. டென்மார்க் 2030 முதல் வரி வசூலிக்க முடிவு செய்திருக்கிறது. இங்கே யாரும் வரி போடவில்லை. ஆனாலும் வரி வரப்போகிறது என்ற பேச்சு இப்போதே எங்கள் டீக்கடைகளில் ஓடுகிறது, ஏனென்றால் விவரம் சொல்ல ஆள் இல்லை.

வரும் ஆடிக்குள் காங்கேயத்திலோ மூலனூரிலோ ஒரு கூட்டம் போடுங்கள். கொறங்காட்டுக்காரர்கள், கலப்பின மாடு வைத்திருக்கும் பெண்கள், பால் வேண்டாம் என்று சொல்லும் அந்தக் கல்லூரிப் பிள்ளைகள், எல்லோரையும் அழையுங்கள். பால் விலையை நிர்ணயிக்கும் அதிகாரி ஒருவர் கட்டாயம் வர வேண்டும். இடம் வேண்டுமென்றால் எங்கள் ஊர்ச் சொசைட்டிக் கட்டடம் பகல் முழுவதும் காலியாகத்தான் இருக்கிறது. சாவி செயலாளரிடம் இருக்கும்.

இப்படிக்கு,
தாராபுரம் வட்டத்துப் பால் உற்பத்தியாளர் ஒருவர்