பாட்டி பெயரைப் பிள்ளைக்கு வைக்கப் போகிறவர்களுக்கு

இஸ்ரேலில் பிள்ளைப்பேற்றுக்குக் காத்திருக்கும் இளம் தம்பதிகளுக்கு,

வணக்கம். முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்காக உங்கள் நாட்டுக்கு வந்தவள் நான். உங்கள் பாட்டி தாத்தா வீடுகளிலேயே தங்கி, அவர்களோடு சாப்பிட்டு, அவர்கள் பேச்சைக் கேட்டுப் பழகியவள். அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன். இறந்துபோன பெரியவரின் யித்திஷ் பெயரை, கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் வீட்டில் பேசிய அந்த மொழியின் பெயரை, எபிரேயமாக்கிப் பிள்ளைக்குச் சூட்டும்போது, பழைய பெயரையும் கூடவே வையுங்கள். இரண்டாவது பெயராகவாவது.

கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த அஷ்கெனாசிக் குடும்பங்களில், உயிரோடிருப்பவர் பெயரைப் பிள்ளைக்கு வைப்பதில்லை; மறைந்தவர் பெயரைத்தான் வைக்கிறீர்கள். ஆண் பிள்ளை என்றால் எட்டாம் நாள் விருத்தசேதனச் சடங்கில் பெயர் சொல்லியாக வேண்டும். யோசிக்க அவகாசம் குறைவு.

நான் வேலை பார்த்த ஒரு வீட்டில் பேத்தி நிறைமாதமாக இருந்தாள். அந்தப் பாட்டியின் அம்மா பெயர் ஃபைகே. யித்திஷில் பறவை என்று பொருள். அதற்கு நேரான எபிரேயப் பெயர் ட்சிப்போரா. அது கிழவிகள் பெயர் போலிருக்கிறது என்று பேத்திக்குப் பிடிக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அவளும் கணவரும் கைபேசியில் பட்டியல்களைத் தேடி, கடைசியில் ஸ்நூனித் என்று முடிவு செய்தார்கள். தகைவிலான் குருவிக்கு எபிரேயத்தில் அதுதான் பெயர். பாட்டி அடுப்படியில் கோழி சூப்பின் நுரையைக் கரண்டியால் வழித்தெடுத்துக்கொண்டிருந்தார். “அழகான பெயர்தான். ஆனால் என் அம்மாவை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லையே” என்றார். அதற்குமேல் அன்று அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

பொருளை மட்டும் எடுத்துக்கொண்டால் இப்படித்தான் ஆகிறது. கிட்டல் என்றால் நல்லவள், அவள் தோவா ஆகிறாள். ரோய்ஸே என்றால் ரோஜா, வெரெத் ஆகிறாள். சில பெயர்களுக்கு அருமையான வழி கிடைப்பதும் உண்டு. லைப் என்ற சிங்கத்துக்கு லாவி என்று வைத்தால் பொருளும் அதேதான், முதல் ஓசையும் ஒட்டுகிறது. ஆனால் ஆல்ட்டர் என்ற பெயரை என்ன செய்வீர்கள்? கிழவன் என்று பொருள். முன்னால் பிறந்த பிள்ளைகளைப் பறிகொடுத்த வீட்டில், சாவின் தூதன் குழந்தையைத் தேடி வந்தால் ஏமாந்து போகட்டும் என்று பச்சைக் குழந்தைக்கு வைத்த பெயர் அது. எங்கள் ஊரில் பிச்சை, குப்பன் என்று வைப்பார்களே, அதே தாய்மனம். அதை எபிரேயத்தில் ‘கிழவன்’ என்று எழுத முடியாது. அந்தத் தாய் வேண்டியது ஆயுளைத்தான் என்று புரிந்துகொண்டு, உயிர் என்று பொருள்படும் ஹயீம் என்ற பெயரை வைப்பவர்தான் என் கணக்கில் சரியாக மாற்றியவர்.

யித்திஷ் பெயரைச் சொன்னாலே உங்களில் பலர் கூச்சப்படுவதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கூச்சம் உங்களுக்கு வந்து சேர்ந்தது. நாடு உருவான காலத்தில் யித்திஷைப் புலம்பெயர் வாழ்வின் பழைய மொழியென்று ஒதுக்கினார்கள். க்ரூன் என்ற குடும்பப் பெயரை மாற்றிக்கொண்டு பென்-குரியன் ஆன உங்கள் முதல் பிரதமர், மற்றவர்களையும் மாற்றிக்கொள்ளச் சொன்னார். அவர் வற்புறுத்தியதால்தான் 1956இல் வெளியுறவு அமைச்சரானபோது கோல்டா மெயர்சன், கோல்டா மெயிர் ஆனார். குடும்பப் பெயர் மாறியது, கோல்டா மாறவில்லை. தங்கம் என்று பொருள்படும் ஸஹாவா என்ற எபிரேயப் பெயர் இருந்தும், பிரதமரான பிறகும் அவர் கோல்டாவாகவே இருந்தார்.

நாஜிகளின் இன அழிப்பில் கொல்லப்பட்ட அறுபது லட்சம் யூதர்களில் பெரும்பாலோர் யித்திஷ் பேசியவர்கள். கல்லறைகூட இல்லாத எத்தனையோ பேரை வீட்டில் கூப்பிட்ட பெயர், இன்று ஒரு முதியவரின் ஞாபகத்தில் மட்டும்தான் இருக்கிறது.

இரண்டு பெயர் வைப்பது உங்களுக்குப் புதிதும் இல்லை. யாக்கோபு தன் பிள்ளைகளை ஆசீர்வதிக்கும்போது யூதாவைச் சிங்கக்குட்டி என்றும், நப்தலியைப் பெண்மான் என்றும், பென்யமீனை ஓநாய் என்றும் சொன்னதை வைத்தே உங்கள் முன்னோர் யெஹூதா லைப், நஃப்தாலி ஹிர்ஷ், பின்யமீன் வோல்ஃப் என்று ஜோடியாகப் பெயரிட்டார்கள். தோரா என்ற வேதத்தின் முன் நிற்க ஒன்று, தெருவில் கூப்பிட ஒன்று. மணவிலக்குப் பத்திரத்தில் பெயர் பிசகிவிடக் கூடாது என்று, யித்திஷ் பெயர்களை எந்த எழுத்தில் எழுதுவது என்பதற்கே ரபிகள் என்ற உங்கள் மதகுருக்கள் தனி நூல்கள் எழுதினார்கள். அத்தனை மதிப்பு அந்தப் பெயர்களுக்கு இருந்தது.

ஸ்நூனித் என்றே கூப்பிடுங்கள், லாவி என்றே பள்ளியில் சேர்த்துவிடுங்கள். ஆனால் பதிவுப் படிவத்தை நிரப்பும் முன்பு, வீட்டிலுள்ள மூத்தவரின் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். அந்தப் பெயரை அவர் வாயாலேயே சொல்லக் கேளுங்கள். எந்த எழுத்தில் எழுதுவார்கள், செல்லமாக எப்படிக் கூப்பிட்டார்கள், எந்த ஊர், அதற்கு முன் அந்தப் பெயர் யாருக்கு இருந்தது என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஸ்நூனித் ஃபைகே என்று சேர்த்தே பதிவு செய்யுங்கள்.

அன்புடன்,
உங்கள் பாட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் ஒருத்தி