பப்பாளி இலையும் நீ அனுப்பிய செய்தியும்

யீஷூன், சிங்கப்பூர்

அன்புள்ள நெட்டைக்கு,

போன வாரம் நீ கூப்பிட்டபோது நான் சரியாகப் பேசவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன், பக்கத்தில் வீட்டுக்காரி வேறு. கோபத்தில் எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ பாதியில் மடித்து வைத்துவிடுவாய்.

என் மச்சினனுக்கு டெங்கி. காய்ச்சல் வந்த இரண்டாம் நாள், நீ அனுப்பியிருந்தாயே, "பப்பாளி இலைச் சாறு இரண்டே வேளை, ஆஸ்பத்திரியே வேண்டாம்" என்று, அதை அவனுக்கு அனுப்பினேன். கூடவே குடும்பக் குழுவுக்கும் கோயில் குழுவுக்கும். செய்தியின் தலையில் இரட்டை அம்புக்குறி இருந்தது. அப்படி ஊர் சுற்றி வந்ததை ஒரு தடவைக்கு ஓர் இடத்துக்குத்தான் அனுப்பலாம் என்று வாட்ஸ்அப் 2020லிருந்தே கட்டுப்பாடு வைத்திருக்கிறது. நான் சளைக்காமல் மூன்று தடவை அனுப்பினேன்.

சாறு குடித்தான். நாலாம் நாள் காய்ச்சல் இறங்கியது. "அத்தான், மருந்து கேக்குது" என்று மெசேஜ் போட்டான். அன்றைக்குத்தான் ரத்தப் பரிசோதனைக்கு மறுபடி வரச் சொல்லியிருந்தார்கள். போகவில்லை. ராத்திரி வயிற்றுவலி, வாந்தி, பல் ஈறில் ரத்தம். ஆம்புலன்ஸுக்கு, 995க்கு, அடித்தது என் மனைவிதான். எனக்குக் கை நடுங்கியது.

டாக்டரம்மா சொன்னதைக் கேட்டு வியர்த்துவிட்டது. டெங்கிக் காய்ச்சல் மூன்றிலிருந்து ஏழு நாளுக்குள் தானாகவே இறங்குமாம். இறங்கிய பிறகு வரும் ஒன்றிரண்டு நாள்தான் ஆபத்தாம். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும், ரத்த அழுத்தம் விழும். சாறு குடித்திருந்தாலும் இல்லாவிட்டாலும் காய்ச்சல் இறங்கித்தான் இருக்கும். நாங்களோ பெயரைச் சாற்றுக்குக் கொடுத்துவிட்டு, விழித்திருக்க வேண்டிய நாளில் அவனுக்குப் பாயசம் வைத்துக் கொண்டுபோனோம். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டான், கவலைப்படாதே.

என்னை உறுத்துவது வேறு. எங்கள் அடுக்குமாடி புளோக் கீழே சிவப்பு பேனர் தொங்குகிறது. பத்துப் பேருக்கோ அதற்கு மேலோ டெங்கி வந்த வட்டாரத்தில்தான் சிவப்பு கட்டுவார்கள். தினமும் அதைத் தாண்டித்தான் கோப்பி குடிக்கப் போகிறேன். தமிழ் முரசு பேப்பர் வாங்குகிறேன், இரங்கல் விளம்பரத்தில் தெரிந்த முகம் உண்டா என்று பார்த்துவிட்டு மடித்துவிடுகிறேன். ஒலி 96.8 வானொலி சமையலறையில் ஓடிக்கொண்டே இருக்கிறது. இதெல்லாம் மண்டையில் ஏறவில்லை, நீ அனுப்பியது ஏறியது. காரணம், அனுப்பினது நீ. கப்பல் பட்டறையில் முப்பது வருஷம் என் ஏணியைப் பிடித்தவன் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்? மச்சினனும் இதையேதான் சொன்னான்: "அத்தான் அனுப்பினீங்க, அதான்." எழுதினவன் எவனோ. அவனுக்கு நீயும் நானும் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

எங்கள் கோப்பிக்கடையில் ஒருவர் இருக்கிறார். "பேப்பர்ல வர்றதெல்லாம் மேலிடம் சொல்றது, நான் எதையும் நம்புறதில்ல" என்பார். சந்தேகப்படுவதில் தப்பில்லை, சில விஷயங்களில் நானும் அவர் கட்சிதான். ஆனால் அதே மனுஷர் யூடியூப்பில் யாரோ காரில் உட்கார்ந்து பேசுவதை வேதம் மாதிரி எங்களுக்குப் போட்டுக் காட்டுவார். சந்தேகமெல்லாம் பேப்பரிலேயே செலவாகிவிடுகிறது போல.

1967இல் இங்கே சிங்கப்பூரில் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? நமக்கு 12 வயது. தடுப்பூசி போட்ட பன்றியின் இறைச்சியைத் தின்றால் ஆண்களுக்கு 'அது' சுருங்கி உள்ளே போய் உயிரே போய்விடும் என்று புரளி. நூலைக் கட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள், நூற்றுக்கணக்கில். நாம் சிரித்து உன் அப்பாவிடம் அடி வாங்கினோமே! இறைச்சியில் குற்றமில்லை என்று அதிகாரிகள் அறிவித்தும் அடங்கவில்லை. ஆங்கில மருத்துவர்களும் சீன வைத்தியர்களும் இது பயத்தால் வருவது என்று சொன்ன பிறகுதான் கூட்டம் வடிந்தது. தங்கள் வைத்தியரின் வாயால் கேட்டதுதான் பலித்தது என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்குச் சிரித்தவன், இன்றைக்குப் பப்பாளி மரத்தைத் தேடிப் பக்கத்து புளோக் வரைக்கும் போனேன்.

குழுக்களில் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். கோயில் குழுவில் மூன்று பேர் கைகூப்பும் படம் போட்டார்கள். நாலாவது ஆள் பப்பாளி இலையின் மகிமை என்று இன்னொரு வீடியோ போட்டார்! இணையத்தில் பொய் பரவுவதைத் தடுக்க இங்கே அரசாங்கத்துக்கு 2019லிருந்து பொஃப்மா என்ற சட்டம் இருக்கிறது, பொய்யோடு சேர்த்தே திருத்தத்தையும் போட வைக்கிறார்கள். என் திருத்தத்தை எங்கே கொண்டுபோய் ஒட்டுவது? அந்தப் பப்பாளிச் செய்தி இந்நேரம் எத்தனை வீட்டுக்குப் போயிருக்கிறதோ.

முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. பொங்கலுக்கு மன்னார்குடி வரலாம் என்று இருக்கிறோம், டிக்கெட் விலை இடம் கொடுத்தால்.

ஒன்று மட்டும் செய். உனக்கு அதை அனுப்பியது யார் என்று பார்த்து, அவருக்கும் நடந்ததைச் சொல்லிவிடு. உன் சம்பந்தியாக இருந்தால் கொஞ்சம் பக்குவமாகச் சொல்.

உன்
குள்ளன்